கடைசியில் நடப்பவள்

எங்கள் சந்தையின் மலையேற்றச் சங்கத்தில் முன்னால் நடக்கிறவரைக் கேப்டன் என்பார்கள். தலைவர் உண்டு, செயலாளர் உண்டு. கடைசியில் நடக்கிறவருக்குப் பட்டம் எதுவும் கிடையாது. அந்த வேலையைப் பல வருஷமாகச் செய்கிறவள் என் தங்கை போக்சிம். எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டு, யார் ரொம்ப மெதுவாக நடக்கிறாரோ அவருக்குப் பின்னால் வருவாள். அவளுக்குப் பின்னால் மலையில் எங்கள் ஆள் யாரும் இருக்கக் கூடாது. வேலை அவ்வளவுதான்.

வொன்ஜு நகரச் சந்தையில் அவளுக்கு எள்ளெண்ணெய் பிழிகிற கடை. பக்கத்தில் என்னுடையது, துணி திருத்தும் தையல் கடை. நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் அளவெடுக்காமல் கத்தரி வைத்ததில்லை. பார்த்ததைப் பார்த்தபடியும், பார்க்காததை அங்கே இருந்தவர்களிடம் கேட்டும் எழுதுகிறேன்.

அவளைப் பற்றிச் சொல்வதானால் எங்கள் தம்பியிலிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் பிறந்தது நிலக்கரிச் சுரங்க ஊர். அந்த நாளில் எல்லா வீட்டிலும் தரைக்கு அடியில் கரிக்கட்டி எரியும். அந்தச் சூட்டில்தான் படுப்போம். தரையில் ஒட்டிய எண்ணெய்க் காகிதத்தில் முடி அளவு விரிசல் இருந்தால் போதும், கரிவாயு உள்ளே வந்துவிடும். மணம் இருக்காது, கண் எரியாது. ஒரு குளிர்காலக் காலையில் அம்மா எங்களைப் பேர் சொல்லி எழுப்பினாள். நான் முனகினேன். போக்சிம் முனகினாள். தம்பி சூன்தெக் முனகவில்லை. இரண்டு கன்னமும் வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவன் மாதிரிச் சிவந்திருந்தன. எங்கள் இருவரையும் முற்றத்துப் பனியில் இழுத்துப் போட்டு, முள்ளங்கிக் கிம்ச்சி ஊறிப் புளித்த தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். அதுதான் அன்றைய வைத்தியம். நாங்கள் பிழைத்தோம். போக்சிமுக்கு அப்போது ஒன்பது வயது.

அதற்குப் பிறகு கூட்டமாக யார் படுத்தாலும் உட்கார்ந்தாலும் அவள் ஒருமுறை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பாள். கல்யாணமான பிறகு புருஷன் வீட்டில் இதற்காகக் கேலி செய்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

போன பிப்ரவரியில் நடந்ததைத்தான் எழுத வந்தேன். வருஷத் தொடக்கத்தில் மலைச்சாமிக்குப் படையல் வைத்த பிறகே எங்கள் சங்கம் நடையைத் தொடங்கும். வேகவைத்த பன்றித் தலை, சிவப்புப் பயறு தூவிய அரிசிப் பிட்டு, பேரிக்காய், உலர்மீன், அரிசிக் கள். பன்றி சிரித்த முகமாக இருக்க வேண்டும். முகம் சரியில்லை என்று கசாப்புக் கடைக்கே திருப்பி அனுப்பிய வருஷங்கள் உண்டு.

நூடுல்ஸ் கடையில் கூட்டம் போட்டபோது போக்சிம் எழுந்தாள்.

"தலைவரே, இந்தத் தடவை படையலப் பாதி வழியில, பைன் மரத்தடியில வச்சுக்கலாம். உச்சியில காத்து ஆளையே தள்ளும்னு வானிலையில சொல்றாங்க."

தலைவர் பியோ சாங்தெக் மீன்கடைக்காரர். எழுபதை நெருங்குகிறவர். குரல் மட்டும் இருபதில் நின்றுவிட்டது.

"பாதி வழியில நிக்க மலைச்சாமி என்ன பஸ்ஸுக்கா காத்திருக்காரு? அவரு உச்சியில இருக்காரு, போக்சிம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"எனக்கு இது கடைசி வருஷம்மா. அடுத்த வருஷம் வேற ஒருத்தர் உக்காருவாரு. ஒரே ஒரு தடவை உச்சியில வச்சுட்டு இறங்கிடுறேன்."

"சரி, உங்க இஷ்டம். ஆனா கூட்டுக்குள்ள அடுப்பு கிடையாது."

கூடு என்று நாங்கள் சொல்வது ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை. கம்பும் கிடையாது, கயிறும் கிடையாது. குளிர்கால மலையில் சாப்பிட உட்காரும்போது எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, அதைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டு, ஓரத்தை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வோம். தலைகள்தான் தூண். காற்று நுழையாது. மூச்சுச் சூட்டிலேயே உள்ளே வெதுவெதுப்பாகிவிடும். தலைவர் அந்த வருஷம் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார், பதினைந்து பேர் உட்காரக் கூடியது.

"நாம என்ன கரியா எரிக்கப் போறோம்?" என்றார் தலைவர். "கேஸ் அடுப்பு. பொட்டுப் புகை வராது. சின்ன வயசுல பயந்தது உனக்கு இன்னும் தெளியல."

எங்கள் தம்பி விஷயம் அங்கே எல்லாருக்கும் தெரியும். தலைவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சரி, சரி. அடுப்பு கிடையாது. போதுமா?"

"போதும்," என்றாள் அவள்.

புறப்படுகிற காலையில் சந்தை வாசலில் பஸ் படிக்கட்டை மறித்துக்கொண்டு அவள் நின்றாள். ஒவ்வொருவர் பையையும் திறக்கச் சொன்னாள். பிளாஸ்டிக் பையில் கட்டிய காய்ந்த உள்சட்டை, காய்ந்த காலுறை, இன்னொரு ஜோடிக் கையுறை, நெற்றி விளக்கு, வெந்நீர், இனிப்பு. பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களைக் காட்டினால் மட்டும் போதாது, அவள் கண் முன்னால் மாட்டிக் காட்ட வேண்டும். பனியில் நின்று விறைத்த விரலால் வார் தேடுகிறவன் விழுவான் என்பாள்.

"சுங்க அதிகாரி வந்தாச்சு, தங்கம் வச்சிருக்கிறவங்க ஒளிச்சுக்கோங்க!" என்று செயலாளர் கத்தினார்.

"உங்க உள்சட்டை பருத்தி. வேர்வை குடிச்சா உச்சியில ஐஸ் கட்டி மாதிரி ஒட்டிக்கும். மாத்துங்க."

"இங்கயா? பொம்பளைங்க இருக்காங்களே!"

"உங்களப் பாக்க யாரு உக்காந்திருக்கா? பஸ்ஸுக்குப் பின்னால போய் மாத்திட்டு வாங்க."

தலைவரின் பையில் சின்ன கேஸ் அடுப்பு ஒன்று இருந்தது. அவள் எடுத்து டிரைவர் சீட்டுக்குக் கீழே வைத்தாள். அவர் கோபப்படவே இல்லை. "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று சிரித்தார். ஏற்கெனவே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்த அவர் மனைவி கும்நாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சோதிக்காமல் விட்டது ஒன்றுதான்: படையல் பெட்டி. வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, துணியால் கட்டி, கேப்டன் பான் முதுகுச் சட்டத்தில் ஏற்றியிருந்தார். படையலுக்கு முன் அதை யாரும் திறப்பதில்லை. சாமி பார்ப்பதற்கு முன்னால் மனுஷக் கண் படக் கூடாது. போக்சிம் அதன் முடிச்சைத் தொட்டதை நான் பார்த்தேன். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

பெக்குன் மலை உயரத்தில் பெரியதில்லை. குளிர்காலத்தில்தான் அதன் குணம் தெரியும். காடு முடிகிற இடத்திலிருந்து உச்சி வரை மொட்டை முதுகு. ஒரு பக்கம் இரும்புத் தூண் நட்டுக் கம்பி கட்டியிருக்கிறார்கள், மறுபக்கம் பள்ளம். காட்டுக்குள் இருக்கும்போதே மேலே காற்று ஊதுவது லாரி போவது மாதிரிக் கேட்டது.

அன்று கடைசி ஆள் விதைக்கடை இம். சங்கத்துக்குப் புதியவர், பருத்த உடம்பு. பற்களைப் பஸ்ஸுக்கு முன்னால் சரியாகத்தான் மாட்டிக் காட்டினார். ஆனால் அவற்றைப் பிடிக்கிற ரப்பர் வார் பழசு. பாதி ஏற்றத்தில் இடது பக்கம் அறுந்துவிட்டது. போக்சிம் பனியில் மண்டியிட்டு நைலான் கயிற்றால் கட்டினாள். பத்து எட்டு நடந்தால் நழுவும், மறுபடி கட்டுவாள். நான் என் தங்கையோடு நடப்பது வழக்கம், அதனால் நாங்கள் மூன்று பேர் பின்தங்கினோம். மற்ற பன்னிரண்டு பேரும் எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள்.

காடு முடிகிற இடத்தில் நின்றோம். போக்சிம் அவருக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"கொஞ்சம் தாங்குங்கண்ணே. மேல போய் எல்லாரோடயும் சாப்பிடலாம்."

"சூப் ஆறிப் போயிருக்குமோன்னுதான் எனக்குக் கவலை."

"எந்த சூப்பு?"

"மீன் வில்லை சூப்புதான். தலைவர் அவர் கடை மீன அரைச்சு..."

"பிளாஸ்க்ல எவ்வளவு நேரம் சூடு நிக்கும்?"

"பிளாஸ்க் எதுக்கு? அங்கயே கொதிக்க..." இம் நிறுத்திக்கொண்டார். கப்பை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அடுப்பு பஸ்ஸுல இருக்கு," என்றாள் போக்சிம்.

அவர் வெந்நீரை ஊதினார்.

"இம் அண்ணே. அடுப்பு பஸ்ஸுலதான இருக்கு?"

"அது ஒண்ணு. இன்னொண்ணு... பெட்டிக்குள்ள. பன்னித் தலைக்குக் கீழ, பிட்டோட சேத்து வச்சாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. உனக்கும் சேத்துத்தான் சூப்பு, ஆச்சரியமா இருக்கட்டும்னு..."

போக்சிம் மொட்டை முதுகைப் பார்த்தாள். காற்றில் பனித்தூள் படுக்கை வாட்டில் பறந்துகொண்டிருந்தது.

"இந்தக் காத்துல வெளிய பத்தாது," என்றாள். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை. "உள்ளதான் பத்த வைப்பாங்க." மூடிய இடத்தில் கேஸ் எரிந்தாலும் வருவது அதே கரிவாயுதான்.

போனை எடுத்துக் கையுறையைப் பல்லால் கழற்றினாள். கேப்டன் பானுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. தலைவருக்கு அடித்தாள். கும்நாமுக்கு அடித்தாள். எங்கோ ஒரு பைக்குள் அந்த மணி அடிப்பதை நானும் நினைத்துப் பார்த்தேன்.

அவள் இம்மைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. அறுந்த பற்களோடு இவர் அந்த முதுகைத் தாண்ட வேண்டும். திருப்பிக் காட்டுக்குள் அனுப்பினால் இறக்கத்தில் இன்னும் மோசமாக நழுவுவார். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் விறைத்துவிடுவார். கடைசி ஆளை அவள் ஒருநாளும் விட்டுப் போனதில்லை. மேலே பன்னிரண்டு பேர்.

"அக்கா."

"போ," என்றேன்.

"இனி நீதான் கடைசி. இவருக்கு முன்னால போயிடாத. உன் கண்ணு முன்னாலயே இவரு நடக்கணும். கம்பி இருக்கிற இடத்துல ஒரு கை கம்பியில. நின்னா உக்கார விடாத."

சொல்லிக்கொண்டே மேல்சட்டையைக் கழற்றிப் பையில் திணித்தாள். அந்தக் குளிரில்! இம் வாயைப் பிளந்தார். ஓடினால் வேர்க்கும், வேர்த்த உடம்போடு உச்சியில் நின்றால் அவளே விழுவாள், அதனால்தான் கழற்றினாள். எனக்கு அதை விளக்க நேரமில்லை. அவள் போய்விட்டாள். பற்கள் உறைபனியில் கொறிக்கிற சத்தம் கொஞ்சம் கேட்டது, பிறகு காற்று மட்டும்.

நான் அறுபதைத் தாண்டியவள். ஊசி பிடித்த கை எனக்கு. அன்றைக்கு அந்தக் கையால் இம்முடைய பைவாரைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஏறினேன்.

"என்னாலதான்," என்றார் இம். "முன்னாலயே சொல்லியிருந்தா..."

"பேசாம ஊனுங்க."

"அவங்களுக்கு ஏதாவது ஆனா..."

"ஊனுங்கன்னு சொன்னேன்!"

கம்பி இரண்டு தூணுக்கு நடுவில் தொய்ந்திருந்த இடத்தில் அவர் இடது கால் வழுக்கிவிட்டது. கயிறு அவிழ்ந்து இரும்புப் பற்கள் பள்ளத்தில் உருண்டதைப் பார்த்தேன். அவர் பக்கவாட்டில் சரிந்தார். நான் தூணை முழங்கையால் வளைத்துக்கொண்டேன். அவர் எடை முழுவதும் என் இன்னொரு கையில் தொங்கியது. வார் என் கையுறையோடு நழுவத் தொடங்கியது. நல்லவேளை, அவர் முழங்காலைப் பனியில் குத்திக்கொண்டார்.

"தவழுங்க," என்றேன். "வெக்கப்படாதீங்க. யாரும் பாக்கல."

"நீங்க பாக்குறீங்களே."

"நான் உங்க பேன்ட்டுல எத்தனை தையல் விட்டிருக்குன்னு பாக்குறேன். தவழுங்க."

இரண்டு பேரும் தவழ்ந்தோம். காற்று கன்னத்தில் மணல் போட்டுத் தேய்த்தது. உச்சியிலிருந்து ஏதாவது குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன். எங்கள் கூட்டம் வாய் மூடாத கூட்டம். கூட்டுக்குள் உட்கார்ந்தால் பக்கத்து மலைக்குக் கேட்கும். எதுவும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் மேலே நடந்தது இது. கும்நாமும் கேப்டன் பானும் தனித்தனியாகச் சொன்னார்கள், இரண்டும் பொருந்தின.

படையலை அவசரமாக முடித்திருக்கிறார்கள். பன்றித் தலையையும் கத்தியையும் பாறை மேல் வைத்துவிட்டு எல்லாரும் கூட்டுக்குள் புகுந்திருக்கிறார்கள். தலைவர் அடுப்பை நடுவில் வைத்துப் பற்ற வைத்தார். சூப் கொதித்தது. ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. கைதட்டிப் பாடினார்கள். பிறகு கும்நாமுக்குத் தலை கனத்தது; ஒரு வாய்க் கள் அதிகமாகிவிட்டது என்று நினைத்தாள். ஒருவர் கொட்டாவி விட, எல்லாரும் விட்டார்கள். அடுப்புக்கு மிகப் பக்கத்தில் இருந்த தலைவர், பான் தோளில் சாய்ந்தார். "தலைவருக்கு ஏறிடுச்சு" என்று பான் சொன்னாராம். சிரிக்க நினைத்தாராம், வாய் வரவில்லையாம். குளிரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தத் தூக்கம் அவ்வளவு சுகமாக இருந்ததாம்.

போக்சிம் வந்தபோது கூட்டுக்குள் அடுப்பின் உஸ் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பன்னிரண்டு பேர் எடையும் பைகளும் அதன் மேல். வரவில்லை. பாறையில் இருந்த படையல் கத்தியை எடுத்து, தலைகளுக்கு மேலே பிளாஸ்டிக்கைக் குத்தி, மேலிருந்து கீழாகக் கிழித்தாள். காற்று உள்ளே பாய்ந்து கிழிசலைப் பெரிதாக்கியது. அடுப்பை எட்டி உதைத்தாள். அது பானையோடு பனியில் போய் விழுந்தது.

"பைத்தியமா நீ?" என்று கத்தியிருக்கிறாள் கும்நாம். "வெதுவெதுன்னு உக்காந்திருந்தோம்டி!" எழுந்து அவளை அடிக்கப் போனாள். காலிரண்டும் துணி மாதிரி மடிந்து பனியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் தனக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்று புரிந்ததாம்.

நானும் இம்மும் உச்சியைத் தொட்டபோது, பாறைக்கு மறைவில் ஆட்கள் வரிசையாகக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். போக்சிம் நடுவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பான்!"

"இருக்கேன்."

"சத்தமா!"

"இருக்கேன்!"

"கும்நாம் அக்கா!"

"உயிரோட இருக்கேன், போதுமா!"

ஒவ்வொருவராகக் குரல் வந்தது. "பியோ சாங்தெக்!" என்றாள். வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். தலைவர் மல்லாந்து கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு.

"நிறம் நல்லாத்தான் இருக்கு," என்றார் செயலாளர்.

போக்சிம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சூன்தெக்கின் முகம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது.

"அந்தச் சிவப்பு நல்லதில்ல," என்றாள். மீட்புப் படைக்கு ஏற்கெனவே போன் செய்திருந்தாள். காற்றில் ஹெலிகாப்டர் வர முடியாது, ஆக்சிஜனோடு ஆட்கள் மறுபக்கக் காட்டுவழியாக ஏறி வருகிறார்கள், மரங்கள் இருக்கிற இடத்துக்கு இறங்குங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆனால் உடனே இறங்க முடியாது. கூட்டுக்குள் ஆவியில் எல்லாருடைய உடுப்பும் ஈரம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செயலாளரின் காலர் விறைத்தது. எல்லாருக்கும் பல் கிடுகிடுத்தது.

"உள்சட்டைய மாத்துங்க. எல்லாரும். இப்பவே."

"இந்தக் காத்துலயா?"

"இந்த ஈரத்தோட நடந்தா காடு வரைக்கும் போக மாட்டீங்க. அக்கா, பாயப் பிடி!"

படையல் பாயை நானும் இம்மும் விரித்துப் பிடித்தோம். அதற்குப் பின்னால் இரண்டிரண்டு பேராகச் சட்டையைக் கழற்றி, காலையில் கேலி செய்துகொண்டே காட்டிய அந்தப் பிளாஸ்டிக் பையைப் பிரித்து, காய்ந்ததை மாட்டினார்கள். பொத்தான் போட வராத விரல்களுக்கு நான் போட்டுவிட்டேன். யாரும் கேலி பேசவில்லை. எங்கள் கூட்டத்தில் அப்படி ஒரு மௌனத்தை நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

கிழிந்த கூட்டை இரண்டாக மடித்து, அதன் மேல் பாயைப் போட்டு, தலைவரைக் கிடத்தினோம். போக்சிம் தன் மேல்சட்டையைப் பையிலிருந்து எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிச் செருகினாள். காலியான இடத்தில், பனியில் கிடந்த அடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிளாஸ்டிக் பனியில் வழுக்கும். முன்னால் பானும் இன்னொருவரும் இழுக்க, பின்னால் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி விட, மறுபக்கச் சரிவில் இறங்கினோம். கும்நாம் பக்கத்திலேயே தடுமாறிக்கொண்டு வந்தாள்.

"நீங்க பேசிட்டே வாங்க, அக்கா," என்றாள் போக்சிம். "அவரு காதுல உங்க குரல் விழணும்."

"என்ன பேசுறது?"

"வழக்கமா என்ன பேசுவீங்க?"

கும்நாம் மூச்சை இழுத்தாள். "யோவ், மீன்காரா! வீட்டுல சொன்னேன்ல, அடுப்ப எடுக்காதன்னு! கேட்டியா? கேட்டியா நீ? செத்துகித்துத் தொலைச்சே, அந்த நாத்தம் புடிச்ச கடைய நான் ஒருத்தியா கட்டி அழணும், தெரியுமா! கண்ணத் திற! திறய்யா!"

திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். கயிறு ஒருமுறை பான் கையிலிருந்து நழுவி, தலைவரோடு பிளாஸ்டிக் சரிவில் ஓடத் தொடங்கியது. பின்னால் பிடித்தவர்கள் குப்புற விழுந்தும் விடவில்லை. ஒரு மரத்து வேரில் முட்டி நின்றது. அந்த முட்டலில் தலைவர் முனகினார். பிறகு வாந்தி எடுத்தார். போக்சிம் தாவிப் போய் அவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள்.

"தலைவரே, கேக்குதா?"

அவர் ஏதோ சொன்னார். வார்த்தையாக இல்லை. ஆனால் சத்தமாக இருந்தது. கும்நாம் பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

மரங்களுக்குள் கொஞ்ச தூரம் போனதும் ஆரஞ்சு உடுப்புகள் தெரிந்தன. மீட்புப் படைக்காரர்கள் தலைவர் முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்தார்கள். மற்றவர்களுக்கு முறை வைத்து ஒவ்வொரு இழுப்பு. ஒரு படைக்காரர் யார் முதலில் கண்டுபிடித்தது என்று கேட்டார். போக்சிம் எங்கே என்று தேடினேன். கூட்டத்தின் பின்னால், இம்முடைய வெறும் இடது பூட்ஸில் தன் இரும்புப் பற்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

வொன்ஜுவில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், ஆக்சிஜனை அழுத்திச் செலுத்துகிற அழுத்தக் காற்று அறை இருக்கிறது. தலைவரையும், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பேரையும் அதற்குள் அனுப்பினார்கள். மற்றவர்களை மூக்கில் குழாயோடு ஒரு நீள அறையில் உட்கார வைத்தார்கள். கும்நாம் எப்படியோ யாரிடமோ சொல்லி, வீட்டிலிருந்து ஒரு ஜாடி முள்ளங்கிக் கிம்ச்சித் தண்ணீர் வரவழைத்துவிட்டாள். அதைத் தூக்கிக்கொண்டு அறைக் கதவை நோக்கிப் போனபோது நர்ஸ் தடுத்தார்.

"அம்மா, இதெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாது."

"மருந்து கண்ணு இது. எங்க காலத்துல எல்லாரையும் இதுதான் காப்பாத்துச்சு."

"எல்லாரையும் இல்லக்கா," என்றாள் போக்சிம். மெதுவாகத்தான் சொன்னாள். கும்நாம் ஜாடியைக் கீழே வைத்தாள்.

போக்சிம் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள், விரல் வரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அவிழ்த்தேன். இரண்டு கால்விரல் வெள்ளையாக இருந்தது. உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"இம் அண்ணனத் தனியா விட்டுட்டுப் போயிட்டேன்," என்றாள். "முதல் தடவை."

"தனியாவா? அப்ப நான் யாரு?"

அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"நீ மூச்சு வாங்கிட்டு வந்து சேந்ததப் பாத்தா, அவருதான் உன்னக் கூட்டிட்டு வந்த மாதிரி இருந்துச்சு."

எதிர்ப் பெஞ்சிலிருந்து இம் சிரித்தார். பக்கத்தில் இருந்த பானும் சிரித்ததில் அவர் மூக்குக் குழாய் கழன்று விழுந்தது. நர்ஸ் அவரைத் திட்டினார். அன்று காலையிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

வெகுநேரம் கழித்துக் காற்று அறைக் கதவு திறந்தது. உள்ளே போன மற்ற இருவரும் நடந்தே வந்தார்கள். தலைவரைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அபாயம் தாண்டிவிட்டது, ஆனால் சில வாரத்துக்கு மறதி வருகிறதா என்று கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். முகத்தில் அந்தச் சிவப்பு இல்லை. சாம்பல் நிறமாக, வயசான மனிதராக இருந்தார். அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

கண்ணைச் சுழற்றினார். மனைவியைத் தாண்டி, பெஞ்சில் வெறுங்காலோடு இருந்த போக்சிம் மேல் அவர் பார்வை வந்து நின்றது.

"அடுப்பு எங்க?" என்றார். குரல் கரகரத்தது.

"உருப்படுவீங்களா நீங்க!" என்று கும்நாம் கையை ஓங்கினாள்.

"என்கிட்ட இருக்கு, தலைவரே," என்றாள் போக்சிம். "ரெண்டும். தர மாட்டேன்."

அவர் கூரையைப் பார்த்தார். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"தராத," என்றார்.